கடற்கரைக் குடும்பத்துக்கு வர வேண்டிய அரசுப் பணம்: வாங்குவதும் நிற்காமல் பார்த்துக்கொள்வதும்

எங்கள் தெருவில் கடலில் பாசி எடுக்கப் போகிற அக்கா ஒருவர் இருக்கிறார். பாறையில் உரசி உரசி அவர் விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது. போன வருடம் ஒருநாள் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்து, "ஏழு மாசமா மகளிர் உரிமைத் தொகை வரல, எனக்கு மட்டும் ஏன் நிப்பாட்டினாங்க?" என்றார். அலசிப் பார்த்தால் யாரும் நிறுத்தவே இல்லை. குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில் கணக்கு திறந்தபோது ஆதாரை அங்கே இணைத்திருக்கிறார்கள், அன்றிலிருந்து பணம் அந்தக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏழாயிரம் ரூபாய் அங்கே தூங்க, இவர் இங்கே பத்து வட்டிக்குக் கடன் வாங்கிச் சமாளித்திருக்கிறார்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வீடுகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவள் நான். கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை, கவுண்டருக்கு வெளியே நிற்கிற ஆள். நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேருக்குத் தகுதி இருக்கிறது. பெயர், கணக்கு, ரேகை என்று இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் பணம் மாட்டிக்கொள்கிறது. அதனால் திட்டங்களின் பட்டியலுக்கு முன்னால் இந்த மூன்றையும் எழுதுகிறேன். அவசரம் என்றால் கீழே போய்விடலாம், ஆனால் திரும்பி இங்கேதான் வருவீர்கள்.

முதலில் ஒரு பை

ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று வாங்குங்கள். ஓட்டு வீடு ஒழுகும், உப்புக் காற்றில் காகிதம் நமுத்துப்போகும், புயல் எச்சரிக்கை வந்தால் கையில் எடுத்துக்கொண்டு ஓடவும் வசதி. குடும்பத்தில் எல்லாருடைய ஆதார், ஸ்மார்ட் ரேஷன் அட்டை, வங்கி பாஸ்புக், வாக்காளர் அட்டை, சாதிச் சான்று, மீனவர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் புத்தகம், நல வாரிய அட்டை, இறந்தவர்கள் இருந்தால் இறப்புச் சான்று என்று எல்லாம் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் பாயில் பரப்பிவைத்து ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: பெயர். ஆதாரில் அந்தோணியம்மாள், ரேஷன் அட்டையில் அந்தோனி அம்மாள், பாஸ்புக்கில் அந்தோணி என்று மட்டும். ஆதாரில் அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அட்டையில் புருஷன் இனிஷியல். செய்யது அம்மாளும் செய்யதம்மாளும் நமக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். தமிழ் எழுத்து சரியாக இருந்தும் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால் போதும், விண்ணப்பம் திரும்பி வரும். பிறந்த தேதியும் அப்படித்தான். வயது தெரியாமல் பதிந்தவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவிட்டிருப்பார்கள், அதனால் அறுபது ஆனவர் காகிதத்தில் ஐம்பத்தாறாக இருப்பார்.

எதை முதலில் திருத்துவது? ஆதாரை. மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் மாறும். ஆனால் பதறாதீர்கள், ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற முடியும். எந்த எழுத்துக்கூட்டல் இனி நிரந்தரம் என்று வீட்டில் முடிவு செய்து, காகிதத்தில் எழுதிக்கொண்டு போய், ஆபரேட்டர் தட்டச்சு செய்ததைத் திரையில் எழுத்து எழுத்தாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவர் அவசரப்படுத்துவார். நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

அங்கே இருக்கும்போதே போன் நம்பரையும் சரிபாருங்கள். நம் பக்கம் பாதி வீடுகளில் அம்மா ஆதாரில் மகன் நம்பர் இருக்கும், மகன் துபாயிலோ கத்தாரிலோ இருப்பான், அந்த நம்பர் செத்துப்போயிருக்கும். ஓடிபி எங்கேயோ போகும். வீட்டிலேயே இருக்கிற, மாதாமாதம் ரீசார்ஜ் ஆகிற ஒரு நம்பரைப் போடுங்கள். நம்பரை மாற்ற ஆதார் மையத்துக்கோ அந்த வசதி உள்ள தபால் நிலையத்துக்கோ நேரில் போகலாம்.

கணக்கு: ஆதார் எங்கே ஒட்டியிருக்கிறது

ஆதார் வழியாக வருகிற பணம் எல்லாம் கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும், விண்ணப்பத்தில் எந்த நம்பரை எழுதிக் கொடுத்திருந்தாலும். வங்கியில் "ஆதார் லிங்க் ஆகிருச்சு" என்று சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். கணக்கோடு ஆதாரைச் சேர்ப்பது ஒன்று, உதவித்தொகை வருவதற்காக இணைப்பது வேறொன்று. "என்பிசிஐ மேப்பிங் ஆகியிருக்கா?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். மைஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் எந்த வங்கி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். இரண்டு நிமிட வேலை. மேலே சொன்ன அக்காவுக்கு அதில் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

ஒரு சிம் கார்டு வாங்கும்போதோ குழுக் கடன் எடுக்கும்போதோ "இங்கே ஒரு ரேகை வைங்க" என்று புதுக் கணக்கு திறந்துவிடுவது நடக்கிறது. எதற்கு ரேகை என்று கேட்காமல் வைக்காதீர்கள்.

குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கையே உதவித்தொகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை முதல்முதலாக வந்தபோதே சில வங்கிகள் இருப்பு குறைவு என்று பிடித்துக்கொண்டு, அப்படிச் செய்யக்கூடாது என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. வங்கி தூரமாக இருக்கிற ஊர்களில் அஞ்சல் வங்கிக் கணக்கு நல்லது, தபால்காரரே மிஷினோடு வீட்டுக்கு வந்து பணம் கொடுப்பார். நடக்க முடியாத பெரியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ரேகை

வலை இழுக்கிறவர்கள், பாசி எடுக்கிறவர்கள், கருவாடு போடுகிறவர்கள், நண்டுக் கம்பெனியில் ஓடு உடைக்கிறவர்கள் எல்லாருக்கும் விரல் ரேகை தேய்ந்து மிஷினில் விழாத பிரச்சினை உண்டு. ஆதார் மையத்தில் பத்து விரலையும் கண்ணையும் மறுபடி பதிந்துகொள்வதுதான் நிரந்தர வழி. 2025 அக்டோபர் நிலவரப்படி அதற்கு 125 ரூபாய், பெயர் முகவரி மட்டும் என்றால் 75. தொழிலுக்குப் போய் நாலைந்து நாள் இடைவெளி விட்டு, கையைச் சுத்தமாகக் கழுவி, இரவில் தேங்காய் எண்ணெய் தடவிப் பழக்கிய பிறகு போனால் ரேகை கொஞ்சம் தெளியும். மீன்பிடித் தடைக்காலம் அதற்குத் தோதான நேரம். அப்படியும் விழாவிட்டால் ரேஷன் கடையில் கருவிழி ஸ்கேனோ ஓடிபியோ கேளுங்கள். படுக்கையில் இருக்கிறவர்களுக்கும் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். "ரேகை விழல, அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பினால் 1967 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ரேஷன் அட்டைதான் குடும்பம்

நாம் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்திருப்போம், அரசுக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு அட்டை என்றால் ஒரு குடும்பம். உரிமைத் தொகை, தடைக்கால நிவாரணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அட்டைக் கணக்கில்தான் போகும். மகனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடமாகியும் மருமகள் பெயர் அவள் அம்மா வீட்டு அட்டையிலேயே இருக்கும். இருவர் பெயரையும் அந்தந்த அட்டையிலிருந்து நீக்கி, தனிச் சமையல் என்று காட்டிப் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறந்த குழந்தையைச் சேர்ப்பதும் இறந்தவரை நீக்குவதும் அதே இ-சேவை மையத்தில் நடக்கும். இறந்தவரை நீக்கினால் அரிசி குறையும் என்று சும்மா விட்டுவிடுகிறார்கள். அது பிறகு விதவை உதவித்தொகை கேட்கும்போது காலை வாரிவிடும்.

அட்டையின் குறியீட்டையும் பாருங்கள். அந்தியோதயா என்றால் மாதம் 35 கிலோ அரிசி. முன்னுரிமை, முன்னுரிமையற்றது என்று அப்புறம் பிரிவுகள். முன்னுரிமையற்ற அட்டைக்கும் நம் மாநிலத்தில் அரிசி இலவசம்தான், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. முன்னுரிமை அட்டைகளுக்கு ஒவ்வொரு உறுப்பினரும் ரேகை வைத்து உறுதிசெய்ய வேண்டும், வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ வரும்போது கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடுங்கள்.

வீட்டில் யாருக்கு என்ன

திட்டத்தின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பாருங்கள்.

குடும்பத் தலைவி. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1000 ரூபாய். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழ், நஞ்சை ஐந்து ஏக்கருக்கும் புஞ்சை பத்து ஏக்கருக்கும் மேல் இருக்கக்கூடாது, வருடத்துக்கு மின்சாரம் 3600 யூனிட்டைத் தாண்டக்கூடாது என்று விதி போட்டுத்தான் தொடங்கினார்கள். மின்சார விதியில் பல பேர் மாட்டினார்கள், ஒரே மீட்டரில் மூன்று வீடு ஓடினால் யூனிட் எகிறும் அல்லவா. தனி மீட்டர் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். இன்னொன்று, மாமியார் முதியோர் பென்ஷன் வாங்குகிறார் என்பதற்காக மருமகளுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பென்ஷன் வாங்குகிறவருக்குத்தான் கிடையாது, அதே வீட்டில் தகுதியுள்ள இன்னொரு பெண் கேட்கலாம் என்று 2023-லேயே தளர்த்திவிட்டார்கள்.

வயதானவர், விதவை, தனித்து நிற்கிற பெண். 60 கடந்து ஆதரவில்லாதவர்கள், ஆதரவற்ற விதவைகள், 30 வயதுக்கு மேல் கணவனால் கைவிடப்பட்டவர்கள், 50 கடந்தும் திருமணமாகாத ஏழைப் பெண்கள் என்று தனித்தனிப் பிரிவு உண்டு. 2023-ல் மாதம் 1000 என்பது 1200 ஆனது. விண்ணப்பம் இ-சேவையில் போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார். மாற்றுத்திறனாளிகளில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. அதற்கு முதலில் மாவட்ட அலுவலகத்தில் தேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும்.

கர்ப்பிணி. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து எண் வாங்குவதுதான் முக்கால்வாசி வேலை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 14,000 ரூபாய் பணமாகத் தவணைகளிலும், 4,000 ரூபாய் மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும். கணக்கு கர்ப்பிணியின் பெயரில் இருக்க வேண்டும், அம்மா கணக்கையோ கணவர் கணக்கையோ கொடுத்தால் நிற்கும். குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அதே பதிவு எண் தேவைப்படும்.

காலேஜ் போகிற பிள்ளை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரியே பதிவு செய்யும், நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம், பிள்ளையின் ஆதாரும் கணக்கும் ஒத்திருந்தால் போதும்.

நோய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு வருடத்தில் ஐந்து லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற மையத்துக்கு ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு போனால் பதிவு செய்வார்கள். நெஞ்சுவலி வந்த பிறகு ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு வருமானச் சான்று தேட முடியாது, உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்விடுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

கடல் கொடுக்காத மாதங்களுக்கு

நம் பக்கத்துக்கே உரிய பகுதி இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், கடல் மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் 5000 ரூபாயாக இருந்தது, 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தபடி 8000 ஆனது. வாடைக் காலத்துக்கு, அதாவது மீன் குறைந்த மாதங்களுக்கு, 6000 தனியாக. இது போக சேமிப்பு நிவாரணத் திட்டம்: மீனவர் 1500 கட்டினால் மத்திய, மாநில அரசுகள் ஆளுக்கு 1500 போட்டு 4500 ஆக வரும். மீனவப் பெண்களுக்குத் தனித் திட்டம், அவர்கள் கட்டுகிற 1500-க்கு மாநில அரசு 3000 சேர்த்துத் தரும். மூன்று மடங்காகத் திரும்புகிற சேமிப்பு வேறெங்கே இருக்கிறது? இருந்தும் சந்தா கட்டுகிற மாதங்களில் கையில் காசில்லை என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மொத்தமாகக் கட்ட முடியாது என்றால் படகு கரைக்கு வந்து பங்கு பிரிக்கிற அன்றே ஐம்பது நூறு எடுத்து வையுங்கள்.

இதற்கெல்லாம் வாசல் இரண்டு. ஒன்று, உங்கள் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது. பெண்களுக்குத் தனிச் சங்கம் உண்டு, பாசி எடுக்கிறவர்களும் மீன் விற்கிறவர்களும் சேரலாம். இன்னொன்று, மீனவர் நல வாரியத்தில் பதிவது, வயது 18 முதல் 60 வரை. மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் படிவம் கிடைக்கும். வாரியத்தில் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி இருக்கிறது, இறந்தால்தான் வாரியம் என்று நினைத்து முடங்கிக் கிடக்காதீர்கள்.

நிவாரணப் பட்டியல் எடுக்கும்போது வீட்டில் ஆள் இல்லாமல் விடுபடுவது அடிக்கடி நடக்கும். தடை தொடங்குவதற்கு முன்பே, மார்ச் மாதம், சங்கத்துக்குப் போய் போன வருடப் பட்டியலில் உங்கள் பெயரும் கணக்கு எண்ணும் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். சாயல்குடி பக்கம் பனை ஏறுகிறவர்களுக்கு இந்த வாசல் கிடையாது, அவர்களுக்குப் பனைமரத் தொழிலாளர் நல வாரியம் தனியாக இருக்கிறது.

கடலில் விபத்து நடந்தால்

எழுதவே மனசு வரவில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும். மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் ஐந்து லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 ரூபாய். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படகு திரும்பவில்லை என்றால் அன்றைக்கே மூன்று இடத்தில் சொல்லுங்கள்: மீன்வளத்துறை அலுவலகம், கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093, கடலோரக் காவல்படை 1554. "நாளைக்கு வந்துருவாங்க" என்று காத்திருப்பது இயல்புதான், ஆனால் அன்றைக்கு எழுதிக் கொடுக்கிற புகார்தான் பிறகு எல்லாவற்றுக்கும் அடிப்படை. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்று உடனே கிடைக்காது, ஏழு வருடம் தகவலே இல்லாதவரைத்தான் சட்டம் இறந்தவராகக் கருதும். அந்த நேரத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகல் இல்லாத குடும்பம் திண்டாடிப்போகும். கடலுக்குப் போக மீன்வளத்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிப் போன படகா, யார் யார் ஏறினார்கள் என்ற கேள்வியும் வரும். கடைசி நேரத்தில் ஏறின பையன் பெயரைக் கரையில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் வேண்டும். இலங்கைச் சிறையில் இருப்பவர்களின் குடும்பத்துக்குத் தினப்படி உண்டு, அதற்கும் மீன்வளத்துறை அலுவலகம்தான்.

வீட்டில் சம்பாதிக்கிற ஆள் எப்படி இறந்தாலும் வேலை இந்த வரிசையில் நடக்கட்டும். 21 நாளுக்குள் பதிந்தால் இறப்புப் பதிவுக்குக் கட்டணமில்லை. அடுத்து வாரிசுச் சான்று. அப்புறம் ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், அதன்பிறகு விதவை உதவித்தொகை. இறந்தவர் 18 முதல் 59 வயதுக்குள் இருந்து வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் என்றால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் ஒருமுறை 20,000 ரூபாய் கேட்கலாம். கேட்டு வாங்கினவர்களைவிடக் கேட்காமல் விட்டவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம்.

விண்ணப்பம் போடும் நாள்

இ-சேவை மையத்துக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம் அள்ளும். ஒருவருக்கு ஒருமுறை கேன் எண் என்ற பதிவு எண்ணை உருவாக்குவார்கள், அதை நோட்டில் எழுதிக்கொண்டால் அடுத்தடுத்த சான்றுகளுக்கு அதுவே போதும். வருமானச் சான்று போன்றவற்றுக்கு 60 ரூபாய் கட்டணம். நூறு, இருநூறு என்று கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு மாறும். ஒப்புகைச் சீட்டில் இருக்கிற விண்ணப்ப எண்தான் உங்கள் ஆயுதம். அது இல்லாமல் எந்த அலுவலகத்திலும் "பார்க்கிறோம்" என்ற ஒரே பதில்தான்.

வருமானச் சான்று ஒரு வருடம் செல்லும். எல்லாருக்கும் மே, ஜூனில் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவைப்படும், சர்வர் படுத்துவிடும். ஏப்ரலில் எடுத்துவிடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாத நமக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்டால் நாக்கு குழறும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், தடை இரண்டு மாதம், காற்று, புயல், வேலைநிறுத்தம் என்று கழித்துக்கொண்டு கடலுக்குப் போன நாட்களை மட்டும் கணக்கிட்டு ஒரு தொகைக்கு வாருங்கள். அந்தத் தொகையையே எல்லா விண்ணப்பத்திலும் சொல்லுங்கள். ஒன்றில் 60,000, இன்னொன்றில் 96,000 என்றால் இரண்டுமே சந்தேகமாகிவிடும்.

விசாரணைக்கு கிராம நிர்வாக அலுவலர் கூப்பிடும்போது போனை எடுங்கள். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விட்டு "முகவரியில் ஆள் இல்லை" என்று எழுதப்பட்ட விண்ணப்பங்கள் என் கையிலேயே நாலைந்து இருக்கும்.

இல்லை என்று வந்தால்

நிராகரிப்புக்குக் காரணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள், வாயில் சொல்வதை ஏற்காதீர்கள். உரிமைத் தொகை மறுக்கப்பட்டால் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை வழியாக வருவாய் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் கோட்டாட்சியர்கள் ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் இருக்கிறார்கள். மற்றவற்றுக்கு என் வரிசை இதுதான்: முதலில் அந்த அலுவலகத்தில் எழுத்து மனு கொடுத்து நகலில் சீல் வாங்குவது. இரண்டு வாரம் போனால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குவது. அதுவும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம்.

மூன்றும் ஓடவில்லையா, தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் "பொதுத் தகவல் அலுவலர்" என்று அந்த அலுவலக முகவரி போட்டு, 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, "இந்த எண்ணுள்ள என் விண்ணப்பம் இன்றைக்கு யார் மேஜையில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, எந்த விதிப்படி நிறுத்தப்பட்டது" என்று மூன்றே கேள்வி கேட்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுச் சான்று இருந்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். ஒரு விதவைத் தங்கைக்காக ஒன்றரை வருடம் ஒரு அலுவலகத்துக்கு நடந்தோம். கேட்கிறபோதெல்லாம் "ஃபைல் மேலே போயிருக்கு" என்றார்கள். தபால் போட்ட மூன்றாவது வாரம், பதில் வருவதற்கு முன்னால் உத்தரவு வந்தது. சட்ட உதவி தேவைப்பட்டால் 15100, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசம்.

வந்த பணத்தைக் கையில் வைத்திருப்பது

ஏடிஎம் கார்டைக் கடன் கொடுத்தவரிடம் அடகு வைக்காதீர்கள். வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு, 8000 நிவாரணம் வந்ததே தெரியாமல் இருந்த குடும்பம் எனக்குத் தெரியும். பெரியவர்களை அழைத்துக்கொண்டு பணம் எடுக்கப் போகும்போது ரேகை மிஷினை மட்டும் நம்பாமல் மாதம் ஒருமுறை பாஸ்புக்கைப் பதிந்து வாருங்கள். "ரேகை விழல, இன்னொருதரம் வைங்க பாட்டி" என்று இரண்டு முறை வைக்கச் சொல்லி ஒருமுறை பணம் கொடுக்கிற முகவர்கள் இருக்கிறார்கள். மிஷினில் பணம் கழிந்து கைக்கு வராவிட்டால் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்பிப் போட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கிக்கு எழுதி 30 நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் 14448-ல் ரிசர்வ் வங்கியிடமே போகலாம்.

உதவித்தொகை வாங்கும் பெரியவர்கள் ஊர் மாறி மகள் வீட்டுக்குப் போனால் முகவரியை மாற்றிவிடுங்கள், விசாரணைக்கு வரும்போது ஆள் இல்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, யாரும் கவனிக்காதது. வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாய்க்கு ஒரு விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு ஓர் ஆயுள் காப்பீடும் இருக்கின்றன, இரண்டிலும் இரண்டு லட்சம். விபத்துக் காப்பீட்டில் 70 வயதுவரை இருக்கலாம், ஆயுள் காப்பீட்டில் 50-க்குள் சேர வேண்டும். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-ல் தொடங்குகிறது, பிரீமியத்தை மே கடைசியில் கணக்கிலிருந்து எடுப்பார்கள். மே கடைசி என்றால் நமக்குத் தடைக்காலத்தின் பிற்பகுதி, கணக்கில் சல்லிக்காசு இருக்காது. அந்த 20 ரூபாய் இல்லாமல் பாலிசி செத்துப்போய், ஜூன் 15-ல் படகு கடலுக்குப் போகும்போது காப்பீடில்லாமல் போகிறவர்கள் நிறைய. மே 20-ம் தேதி வாக்கில் கணக்கில் ஐந்நூறு ரூபாய் போட்டு வையுங்கள். ஜூன் முதல் வாரம் பாஸ்புக்கில் அது கழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வலையை ஏற்றுங்கள்.